தாழ்ந்தோரும் தாழ்த்தப்பட்டோரும்: செங்கல்பட்டு மாவட்ட ஆவணங்களில் அவலவாழ்வைக் குறித்த ஆங்கிலச் சொற்கள்

ஆய்வுச்சுருக்கம்

இன்றைய உத்திரமேரூர் வட்டம் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், நிலமற்ற உழைப்பாளரின் வாழ்நிலையை விவரிக்க 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய அலுவலரும் சமயப் பணியாளரும் கையாண்ட சொற்களை இக்கட்டுரை ஆராய்கிறது. அச்சொற்கள் இரு வகைப்படும். ஒருவகை, துன்புறுவோனுக்கும் அவனை அந்நிலையில் வைத்திருப்பவனுக்கும் உள்ள உறவைச் சொல்லும். மற்றொரு வகை, துன்புறுவோனின் நிலையை மட்டும் சொல்லி நிற்கும். முதல்வகைச் சொல் அரசைச் செயல்படக் கட்டாயப்படுத்தியதால் ஆவணங்களிலிருந்து விலக்கப்பட்டது. இரண்டாம் வகைச் சொற்கள் பெருகின. 1891ஆம் ஆண்டின் திரமென்ஹீர் குறிப்பு, அதே ஆண்டின் நீலகிரித் தீர்மானங்கள், 1922ஆம் ஆண்டின் பெயர்மாற்ற ஆணை ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு இக்கருத்து நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உத்திரமேரூர், செங்கல்பட்டு, மிராசு, படியாள், திரமென்ஹீர், அயோத்திதாசர், எம்.சி.ராஜா, பஞ்சமி நிலம்

முன்னுரை

ஆங்கில வரலாற்று நூற்பகுதியைத் தமிழாக்கும் பயிற்சியில், 'டிப்ரஸ்டு கிளாசஸ்' என்னும் தொடருக்கு மாணவரிடமிருந்து இருவேறு விடைகள் வருவதுண்டு. சிலர் 'தாழ்ந்த வகுப்பார்' என்பர். சிலர் 'தாழ்த்தப்பட்ட வகுப்பார்' என்பர். அகராதியை வைத்துப் பார்த்தால் இரண்டையும் தவறென்று அடிக்க இயலாது. ஆயினும் இரண்டும் ஒரே பொருளைத் தருவன அல்ல. முன்னது தன்வினையின் பெயரெச்சம். தாழ்தல் அவர்களிடமே நிகழ்ந்ததாகச் சொல்கிறது. பின்னது பிறவினையின் செயப்பாட்டு வடிவம். தாழ்த்தியவர் ஒருவர் உண்டு என்பதை, அவர் பெயரைச் சொல்லாமலே, உணர்த்தி நிற்கிறது. தமிழில் எழுதுபவர் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ஆங்கிலத்தில் எழுதியவருக்கு அந்தக் கட்டாயம் இருக்கவில்லை.

இந்தச் சிறு வேறுபாட்டிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தின் வேளாண் வரலாறு பற்றித் தரமான ஆய்வுகள் உள்ளன. தர்மா குமார் 1965இல் வெளியிட்ட நிலமும் சாதியும் பற்றிய நூல், யூஜின் இர்ஷிக் 1994இல் வெளியிட்ட நூல், ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட நூல் ஆகிய மூன்றும் இத்துறையில் தவிர்க்க இயலாதவை. செங்கல்பட்டுப் பறையர் சிக்கல் எவ்வாறு நிலவுறவுச் சிக்கலாக அன்றிச் சமூக, சமயச் சிக்கலாக மாற்றி எழுதப்பட்டது என்பதை ரூபா விஸ்வநாத் விரிவாகக் காட்டியுள்ளார். அவர் கொள்கைகளையும் நிறுவனங்களையும் நோக்கினார். இங்கு நோக்கப்படுவது அதனினும் சிறியது: சொல்லும் அதன் இலக்கணமும்.

மனையும் நிலமும்

உத்திரமேரூர் என்றதும் ஆய்வாளர் நினைவுக்கு வருவது வைகுந்தப்பெருமாள் கோயில் சுவரிலுள்ள முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921). குடவோலை முறையைச் சொல்லும் அக்கல்வெட்டுகள் மக்களாட்சியின் தொன்மைக்குச் சான்றாகப் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டன. அவற்றிலுள்ள தகுதி விதிகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெயர் எழுதி இடப்படுவோன் வரி செலுத்தும் கால்வேலி நிலத்துக்கு மேல் உடையவனாக இருத்தல் வேண்டும். தன் மனையில் வீடு கட்டிக்கொண்டு குடியிருப்பவனாக இருத்தல் வேண்டும். இரண்டாம் கல்வெட்டின்படி வயது 35க்கு மேல் 70க்குள் இருத்தல் வேண்டும். மறைநூற் பயிற்சியும் வேண்டும். இது பிராமணர்க்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை என்பதால் பிறர் அங்கு எண்ணப்படவே இல்லை. அதைக் குறையாகச் சொல்வது காலமுரண் ஆகும்.

ஆனால் நிலம், மனை என்னும் இரண்டு தகுதிகளும் கவனத்திற்குரியவை. ஊரில் ஒருவன் சொல் எடுபடுவதற்கு அவை அடிப்படையாக இருந்தன. இதே நூற்றாண்டுகளில் சோழநாட்டின் நடுப்பகுதியில் என்ன இருந்தது என்பதற்கு முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் சான்று: வரி விதிக்கப்படாத இடங்களாக ஊர்நத்தத்தோடும் சுடுகாட்டோடும் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் அங்கே தனித்தனியே குறிக்கப்படுகின்றன. அங்கிருந்து 19ஆம் நூற்றாண்டுக்கு நேர்க்கோடு இழுக்க இக்கட்டுரை முயலவில்லை. இடையில் விசயநகரமும் நவாபும் கும்பினியும் உள்ளன. எனினும் 1891இல் ஓர் ஆங்கிலேய அலுவலர் செங்கல்பட்டுச் சேரிகளைச் சுற்றிவந்து, இம்மக்களுக்கு இல்லாதவை எவை என்று எழுதியபோது, அவர் பட்டியலில் முதன்மை பெற்றவையும் நிலம், மனை என்னும் இவையே.

அவலம் சொல்லும் ஆங்கிலம்

வறிய வாழ்வைக் குறிக்க 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் பெருவழக்காயிருந்த சில சொற்களை முதலில் நோக்கலாம். 'மிசரபிள்' என்பது இலத்தீனில் இரக்கப்படுதலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்தது. 'இரங்கத்தக்க' என்பது அதன் முதற்பொருள். அச்சொல் துன்புறுவோனைப் பற்றிச் சொல்வதைவிட, அவனைப் பார்ப்பவன் மனத்தில் எழும் உணர்ச்சியைப் பற்றியே மிகுதியாகச் சொல்கிறது. 'ரெச்சட்' என்பதன் வரலாறு இன்னும் வியப்பானது. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல் நாடுகடத்தப்பட்டவனை, ஊரிலிருந்து துரத்தப்பட்டவனைக் குறித்தது. துரத்தியவன் ஒருவன் அச்சொல்லுக்குள் இருந்தான். நாளடைவில் அவன் மறைந்துபோனான்; துரத்தப்பட்டவனின் கிழிந்த தோற்றம் மட்டும் சொல்லில் தங்கியது. அடிமையைக் குறிக்கும் 'ஸ்லேவ்' என்னும் சொல்லோ ஸ்லாவ் என்னும் மக்களினத்தின் பெயர். போரில் பிடிபட்டு விற்கப்பட்ட ஓரினத்தின் பெயரே இழிநிலையின் பொதுப்பெயராயிற்று. இதே போக்கு ஒரு தமிழ்ச்சொல்லுக்கு நேர்ந்ததைப் பின்னர்க் காண்போம்.

மரபுத்தொடர்களும் உண்டு. 'ஃபிரம் ஹேண்ட் டு மௌத்' என்பது கையில் வந்ததும் வாய்க்குப் போய்விடும் வாழ்க்கையைக் குறிக்கும். 'எ டாக்ஸ் லைஃப்' என்பது நாயின் வாழ்வு. தமிழில் முன்னதற்கு நிகராக 'அன்றாடங்காய்ச்சி' உண்டு. பின்னதற்கு 'நாய் படாத பாடு' உண்டு. பின்னது நிகர்போலத் தோன்றினும் வேறுபட்டது. ஆங்கிலத் தொடர் மனிதனை நாயின் நிலையில் வைக்கிறது. தமிழ்த் தொடரோ, நாயும் இப்பாடு படவில்லை என்கிறது. ஒப்பீடே போதவில்லை என்னும் முறையீடு அதில் உள்ளது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அவலத்தைச் சொல்ல வழங்கும் 'வயிற்றைக் கழுவுதல்', 'நடுத்தெருவில் நிற்றல்' போன்ற தொடர்களுள் இரண்டாவது தனித்து எண்ணத்தக்கது. மனையை இழந்தவன் நிற்குமிடம் நடுத்தெரு. அத்தொடரைக் கேட்டவர் 'யார் வெளியேற்றினார்?' என்று கேட்பது இயல்பு.

'ஸ்லேவ்' தவிர்க்கப்பட்ட வரலாறு

1763இல் ஆற்காட்டு நவாப் கும்பினிக்கு ஜாகீராக அளித்த பகுதியே பின்னர்ச் செங்கல்பட்டு மாவட்டமாயிற்று. இங்கு நிலவுரிமை மிராசு என்னும் பெயரால் வழங்கியது. காணியாட்சி என்னும் தமிழ்ச்சொல் இருக்க அரபுவழிச் சொல் நிலைத்தது வருவாய்த்துறை வழக்கால் எனலாம். ஊரின் விளைநிலத்தில் பங்கு, தரிசின்மேல் முதலுரிமை, ஊர்க்களத்தில் மேரை ஆகியவை மிராசிதாருக்கு உரியவை. அந்நிலத்தில் உழைத்தோர் அடிமையாள், படியாள் எனப்பட்டனர். படியாள் என்பது படியால் அளந்து கூலி பெறுபவன் என்னும் பொருளது. சொல்லுக்குள்ளேயே அளப்பவன் ஒருவனும் வாங்குபவன் ஒருவனும் இருப்பதைக் காண்க.

1833இல் பிரித்தானியப் பேரரசின் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்த சட்டம், கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சிப் பகுதிகளுக்குப் பொருந்தாது என விலக்கு அளித்தது. இதன்பின் இந்தியாவில் உள்ளதை 'ஸ்லேவரி' என்று சொல்லலாமா என்பதே பெரிய வழக்காயிற்று. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் நிலவியதுபோல் இங்குள்ளது கொடியதன்று, மென்மையானது என்னும் வாதம் அலுவலர் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வந்தது. 'அக்ரெஸ்டிக்', 'பிரீடியல்' போன்ற அடைமொழிகள் சேர்க்கப்பட்டன. இரண்டும் நிலத்தோடு ஒட்டியது என்றே பொருள்படும். ஆளுக்கு அடிமை என்பது நிலத்துக்கு அடிமை என மாறியபோது, ஆண்டையின் இடத்தில் மண் வந்து நின்றது. மண்ணைக் குற்றம் சாட்ட முடியாது.

1841இல் இந்தியச் சட்ட ஆணையம் அடிமை முறை பற்றிய தன் அறிக்கையை அளித்தது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் பிறந்தது. அச்சட்டம் அடிமையை விடுவிக்கவில்லை. அடிமை மீதான உரிமையை நீதிமன்றம் இனி நிறைவேற்றித் தராது என்று மட்டும் கூறியது. 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டம் மனிதரை அடிமையாக வாங்கல் விற்றலைக் குற்றமாக்கியது. இவற்றுக்குப் பின்னர் 'ஸ்லேவ்' என்று ஓர் அலுவலர் எழுதினால் குற்றம் நடக்கிறது என்று எழுதுவதாகும். எழுதியவரே நடவடிக்கையும் எடுக்க வேண்டிவரும். சட்டம் அச்சொல்லைச் செல்வாக்குள்ளதாக்கியது. அதனாலேயே அது கோப்புகளில் அரிதாயிற்று. படியாளின் கட்டு கடனென்றும் ஒப்பந்தமென்றும் பெயர்மாறியது. 1859ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் முன்பணம் வாங்கியவனை வேலைக்குத் திரும்பக் கட்டாயப்படுத்தும் கருவியாக அடுத்த அறுபது ஆண்டுகளுக்கும் மேல் நடைமுறையில் இருந்தது.

'பரையா'

இக்காலத்தில் ஐரோப்பாவில் வேறொரு சொல் வளர்ந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டு மக்கட்பிரிவு ஒன்றின் பெயர் 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசியர் எழுத்துகளில் ஏறி, பிறகு ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன் மொழிகளுக்குப் பரவியது. 1791இல் பெர்னார்தன் த சேன்-பியேர் எழுதிய பிரெஞ்சுக் கதையில் அது சமூகத்தால் ஒதுக்கப்பட்ட நல்லறிவாளனின் பெயர். 1820களில் கெத்தே அப்பெயரில் கவிதை எழுதினார். பாரிசில் அதே பெயரில் நாடகம் அரங்கேறியது. 1838இல் புளோரா திரிஸ்தான் தம் பயணநூலின் தலைப்பிலேயே தம்மை அச்சொல்லால் குறித்துக்கொண்டார். யாரும் தீண்டாத தனியன், எங்கும் இடமற்றவன் என்னும் பொருள் இவ்வாறு திரண்டது.

செங்கல்பட்டின் உண்மை இதற்கு நேர்மாறானது. இங்கிருந்த பறையர் இடமற்ற தனியர் அல்லர். ஊரின் நெல் அவர் உழைப்பில் விளைந்தது. வெட்டியானாக ஏரி நீரைத் திறப்பவரும், எல்லைத் தகராற்றில் எல்லை காட்டுபவரும் அவரே. அவரை ஊரார் துரத்தவில்லை. போகவிடவில்லை என்பதே சிக்கல். ஐரோப்பியச் சொல்லில் துன்பம் விலக்கலால் வருகிறது; செங்கல்பட்டில் துன்பம் பிணிப்பால் வந்தது. 1886இல் யூலும் பர்னலும் தொகுத்த ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் ஐரோப்பிய வழக்கு பிழைபட்டது என்பதைச் சுட்டிக்காட்டியது. ஆனால் இலக்கியத்தில் உலவிய சொல்லை அகராதி தடுத்து நிறுத்தியதாக வரலாறு இல்லை. ஒதுக்கப்பட்ட நாட்டைக் குறிக்க ஆங்கில நாளிதழ்கள் இன்றும் அச்சொல்லை ஆள்வதைக் காணலாம். வாழும் ஒரு சமூகத்தின் பெயர் அது என்னும் நினைவு அவ்வெழுத்துகளில் இருப்பதில்லை. இதனை மொழியியல் ஆர்வத்திற்குரிய செய்தியாக மட்டும் கடந்துசெல்ல இக்கட்டுரையாளரால் இயலவில்லை.

1891: இரு குரல்கள்

செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர் 1891இல் அம்மாவட்டப் பறையர் நிலைபற்றிய தம் குறிப்பை அரசுக்கு அனுப்பினார். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்துச் சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூவும் திருவள்ளூரில் வெசுலியன் சபையின் வில்லியம் கௌடியும் சில ஆண்டுகளாக எழுப்பிவந்த முறையீடுகள் இதற்குப் பின்புலம். குறிப்பில் உணவு, உடை, குடிசை, கூலி, கல்வியின்மை, கடன் ஆகியவை விரித்துரைக்கப்படுகின்றன. இதுவரை அது மற்றைய அவல விவரிப்புகளைப் போன்றதே. இத்தகைய விவரிப்பு எவருக்கும் இடையூறு தராது. 1876–78 பஞ்சத்தின்போது எலும்புக்கூடுகளாய் நின்ற மக்களின் ஒளிப்படங்கள் உலகெங்கும் பரவியும், நிவாரண முகாமில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்ததை நினைவுகூர்க. படம் பார்த்தவர் இரங்கினர். இரக்கம் கூலியை நிருணயிக்கவில்லை.

திரமென்ஹீரின் குறிப்பு வேறுபடுவது அதன் பிற்பகுதியில். இந்நிலை நீடிப்பதற்கு எவை காரணம் என்ற வினாவை அவர் எழுப்பினார். தரிசு நிலத்திற்குப் பறையர் விண்ணப்பித்தால், மிராசிதாருக்கு உள்ள முதலுரிமை குறுக்கே நிற்கிறது. சேரி நிற்கும் மனையும் மிராசிதாருடையதென்று கோரப்படுவதால், பணிய மறுப்பவனை வீட்டை விட்டு வெளியேற்றுவதாக அச்சுறுத்த முடிகிறது. சிறுகடனுக்காக உழைப்பையே அடகுவைத்து எழுதித்தரும் பத்திரங்கள் நடைமுறையில் உள்ளன. வறுமை என்னும் பெயர்ச்சொல்லுக்குப் பின்னாலிருந்த வினைகளை அவர் வரிசைப்படுத்தினார்: தடுத்தல், வெளியேற்றுதல், பிணித்தல். ஒவ்வொரு வினைக்கும் ஓர் எழுவாய் இருந்தது. எழுவாய் தெரிந்ததால் தீர்வும் தெரிந்தது. நிலம் வழங்குக, மனையை அவர்க்கே உரியதாக்குக, கடன் கட்டை அறுக்க, பள்ளி திறக்க. உத்திரமேரூர்ச் சபை கேட்ட அதே இரு தகுதிகளும் தீர்வின் தலைப்பில் வந்து நிற்கின்றன.

1892 செப்டம்பர் 30இல் பிறந்த வருவாய்த்துறை அரசாணை 1010, 1010-ஏ இக்குறிப்புக்கான மறுமொழி. பின்னாளில் பஞ்சமி நில ஆணை என்று போற்றப்படும் அவ்வாணையைக் கொடைச்சாசனமாகப் படிப்பது பொதுவழக்கு. ஆனால் குறிப்பையும் ஆணையையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவர், அலுவலரின் பரிந்துரைகள் பல ஏற்கப்படாததையும், உள்ளநிலை அவ்வளவு மோசமில்லை என்னும் தொனி அரசுத் தரப்பில் மேலோங்கியதையும் காண்பர். வறுமையை மறுக்க அரசுக்குத் தேவை இருக்கவில்லை. ஒருவன் இன்னொருவனை வறுமையில் வைத்திருக்கிறான் என்பதே மறுக்கப்பட வேண்டியிருந்தது. ஏனெனில் அந்த இன்னொருவனே நிலவரி செலுத்துபவன்.

இதே 1891இல், டிசம்பர் முதல் நாள், நீலகிரியில் அயோத்திதாசர் முன்னின்று நடத்திய திராவிட மகாஜன சபை பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது. பறையர் என்னும் பெயரால் இழித்துரைப்போரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. திரமென்ஹீர் தம் குறிப்பின் தலைப்பிலேயே ஆண்ட சொல் அது. ஒரே ஆண்டில், பரிந்து பேசிய அலுவலர் எச்சொல்லால் ஒரு மக்களை அழைத்தாரோ, அச்சொல்லே எங்கள் மீதான கொடுமை என்று அம்மக்களின் அறிஞர் அறிவித்தார். அவலத்தைச் சொல்லும் சொல்லும் அவலத்தின் ஒரு பகுதியே என்னும் இக்கருத்தை அன்றைய ஆங்கில ஆவணங்களில் எங்கும் காண இயலாது.

இதற்கு மறுதலையான நிலைப்பாடும் செங்கல்பட்டு மண்ணிலிருந்தே எழுந்தது. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893 அக்டோபரில் தொடங்கிய தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். பெயரைக் கண்டு ஒளிபவனுக்கு உரிமை கிடைக்காது என்பது அவர் நிலை. இவ்விருவர் கருத்து வேறுபாட்டை ஆளுமைப் பூசலாகச் சுருக்குவது நம் ஆய்வுலகில் ஒரு வழக்கம். அது பொருந்தாது. ஐரோப்பிய மொழிகளில் அச்சொல் நிலைக்குறிப்பாக மாறியிருந்தது. சீனிவாசன் அதை மீண்டும் மக்கட்பெயராக்க முயன்றார். அயோத்திதாசர் அம்முயற்சி பலிக்காது எனக் கருதினார் என்று கொள்ளலாம்.

'டிப்ரஸ்டு', 'ஆப்ரஸ்டு'

நூற்றாண்டின் திருப்பத்தில் 'டிப்ரஸ்டு கிளாசஸ்' என்னும் தொடர் நிலைபெற்றது. இலத்தீனில் கீழே அழுத்துதலைக் குறிக்கும் வினையே அதன் வேர். இலக்கணப்படி அது செயப்பாட்டு எச்சம். அழுத்தியவன் ஒருவனை அது எதிர்பார்க்க வேண்டும். ஆனால் ஆங்கில வழக்கில் தாழ்வான நிலப்பகுதியையும் மந்தமான வணிகத்தையும் சோர்ந்த மனத்தையும் அதே சொல்லால் குறிப்பர். அங்கெல்லாம் அழுத்தியவன் யார் என்று எவரும் கேட்பதில்லை. பிறவினையாகப் பிறந்து தன்வினையாக வாழும் சொல் அது. அரசுக்கு அதனினும் வசதியான சொல் கிடைத்திருக்காது: இரக்கம் உண்டு, எழுவாய் இல்லை.

இத்தொடரைத் தமிழாக்க வேண்டிவந்தபோதுதான் முன்னுரையில் சுட்டிய கட்டாயம் எழுந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதித் தமிழ் எழுத்துகளில் 'தாழ்ந்த வகுப்பார்', 'தாழ்த்தப்பட்டோர்', 'ஒடுக்கப்பட்டோர்' ஆகிய வழக்குகள் எல்லாம் உள்ளன. தாழ்–தாழ்த்து, ஒடுங்கு–ஒடுக்கு என வல்லெழுத்தால் தன்வினையும் பிறவினையும் பிரியும் மொழியில், மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொருவரும் அறிந்தோ அறியாமலோ ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார். 'தாழ்ந்த' வழக்கொழிந்து 'தாழ்த்தப்பட்ட' நிலைத்தது எந்த அகராதியாலும் நேர்ந்ததன்று; அரசியல் இயக்கங்களால் நேர்ந்தது.

ஆங்கிலத்திலும் இந்த வேறுபாட்டை உணர்ந்து எழுதியவர் எம்.சி.ராஜா. 1922 ஜனவரியில் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தின் விளைவாக, பறையர், பஞ்சமர் என்னும் பெயர்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசுப் பதிவுகளில் ஆளுமாறு அதே ஆண்டு மார்ச் 25இல் அரசாணை 817 வெளியாயிற்று. மூன்றாண்டுகள் கழித்து, 1925இல், அவர் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பு 'தி ஆப்ரஸ்டு இந்தூஸ்'. அரசின் சொல்லாகிய 'டிப்ரஸ்டு' கைக்கெட்டும் தொலைவில் இருக்க, அவர் 'ஆப்ரஸ்டு' என்றார். மனத்தையும் நிலத்தையும் வணிகத்தையும் அச்சொல்லால் எளிதில் குறிக்க முடியாது. ஒடுக்குபவன் இல்லாமல் அது நிற்காது. ஓரெழுத்துக்கூட்டின் வேறுபாடுதான். 1932இல் லோதியன் குழுவின் முன் அம்பேத்கரும் 'டிப்ரஸ்டு கிளாசஸ்' என்னும் பெயர் இழிவுபடுத்துவது என்று கூறி மாற்றுப்பெயர் கோரினார். 1935ஆம் ஆண்டுச் சட்டம் 'ஷெட்யூல்டு' என்றது. அட்டவணையில் ஏறியவர் என்பதற்குமேல் அச்சொல் ஒன்றும் சொல்வதில்லை. அதுவே அதன் நன்மையும் குறையும்.

கொத்தடிமையும் டி.சி. நிலமும்

1976இல் இயற்றப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், 19ஆம் நூற்றாண்டு ஆவணங்கள் தவிர்த்த உறவுச்சொல்லை ஒருவகையில் மீட்டது. ஆங்கிலப் பெயரான 'பாண்டட் லேபர்' கட்டைச் சொல்கிறது. தமிழ்ப்பெயர் அடிமை என்றே சொல்கிறது. குடும்பத்தோடு கொத்தாக அடிமைப்படுதல் அதன் பொருள். சொல் நடைமுறையில் என்ன செய்கிறது என்பதை இம்மாவட்டத்திலேயே காணலாம். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் குடும்பங்களைச் சேர்ந்த 42 பேர் மீட்கப்பட்டனர். சிறு முன்பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் அவர். அத்தகையோரை வருவாய்த்துறை அலுவலர் 'வறிய கூலியாள்' என்று எழுதினால் கருணை உதவிகள் கிடைக்கக்கூடும். 'கொத்தடிமை' என்று எழுதி விடுதலைச் சான்றிதழ் தந்தால் கடன் அந்த நொடியில் அழிகிறது, முதலாளி குற்றவாளியாகிறார், மறுவாழ்வுத் தொகை உரிமையாகிறது. எனவேதான் களத்தில் வாக்குவாதம் நிகழ்வது பெரும்பாலும் இச்சொல்லை இடுவதா வேண்டாமா என்பது பற்றியே.

நிலத்தின் கதை இன்னும் முடியவில்லை. 1892க்குப் பின் பல கட்டங்களில் ஒப்படை செய்யப்பட்ட நிலங்கள் முதற் பத்தாண்டுகளுக்கு எவருக்கும் மாற்றத்தகாதவை. அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே மாற்றத்தக்கவை. மொத்தப் பரப்பு 12 லட்சம் ஏக்கர் என்னும் கணக்கு மேடைகளிலும் நூல்களிலும் வழங்குகிறது. ஊர்க் கணக்குகளோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கும் பணி ஊர் ஊராகச் செய்யப்பட வேண்டியது. அந்நிலங்களுள் கணிசமான பகுதி பிறர் கைக்கு மாறியது. மாமல்லபுரம் அருகே காரணை ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டம், 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழப்பில் முடிந்தது.

இன்றைக்கும் இந்நிலங்களுக்கு வருவாய்ப் பதிவுகளில் வழங்கும் குறியீடு 'டி.சி.' என்பதே. பத்திரப் பதிவு அலுவலகத்திலும் நில வணிகர் பேச்சிலும் 'டி.சி. நிலமா, கண்டிஷன் பட்டாவா?' என்ற வினா எழுகிறது. 'டிப்ரஸ்டு கிளாஸ்' என்பதன் முதலெழுத்துகள் அவை. 1922இலும் 1935இலும் கைவிடப்பட்ட பெயர்கள் மக்களை விட்டு நீங்கிய பின்னும், நிலத்தின்மேல் இரண்டு ஆங்கில எழுத்துகளாக இது தங்கியிருக்கிறது. அவ்விரண்டு எழுத்துகள் பதிவேட்டில் விடுபட்டால் அந்நிலத்தை எவரும் வாங்கலாம். உத்திரமேரூர் வட்டத்துப் பழைய நிலவரித்திட்டப் பதிவேடுகளையும் இன்றைய கணினிப் பட்டாக்களையும் எண்ணுக்கு எண் ஒப்பிட்டு, அக்குறியீடு எங்கெங்கே நிற்கிறது, எங்கெங்கே காணாமற்போயிற்று என்று பார்ப்பது ஓராண்டுக்குள் செய்யக்கூடிய பணி.